வெளியே நாற்பது

பகாவ் சாலை விளக்கில்
பச்சை விழுந்ததும் என் டட்சன்
ஒரு தும்மல் போட்டு நின்றுவிட்டது.
பின்னால் செம்பனைக் குலைகளோடு ஹம்டானின் லோரி.
மூன்று ஹாரன்.
முதல் ஹாரனுக்கு அவனைத் திட்டினேன்,
இரண்டாவதற்கு பேட்டரியை,
மூன்றாவதற்குத்தான் கார்புரேட்டரை.

எழுபத்தெட்டாம் வருடத்து வண்டி.
ஆயிரத்து நூற்றுச் சொச்சம் சிசி,
தையல் மிஷினுக்கு அக்கா முறை.
அதற்குப் போய்
சிரம்பான் ஹாஃப்-கட் கடையில்
ஆயிரத்து இருநூறு வெள்ளிக்கு
ஓர் இத்தாலிக்காரனைப் பிடித்துவந்தேன்:
வெபர், படுத்த வாக்கில் மூச்சு விடுவது, நாற்பது நம்பர்,
எக்காளம் போல் இரண்டு வாய்.
ஏதோ ஆயிரத்து அறுநூறு சிசியில் இருந்ததாம்.
"பெரிய வாய், பெரிய பவர்" என்றார் தவுக்கே,
கால்குலேட்டரை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

பழைய ஹிட்டாச்சி
ஒரு வார்த்தை சொல்லாமல் கழன்று வந்தது,
பதவி உயர்வே கேட்காத கிராணி
கடைசி நாளில் சாவியை மேசைமேல் வைப்பதுபோல.

மேனிபோல்டு புது வார்ப்பு, அலுமினியம்.
கேஸ்கெட்டை ஒட்டிப் பார்த்தால்
அதன் துளையும் எஞ்சின் துளையும்
முகம் கொடுத்துப் பேசவில்லை.
எடைமேடை அலுவலகத்தின் முத்திரை மையை,
அந்த ஊதா மையைத் தடவி அச்செடுத்தேன்.
கோட்டுக்கு உள்ளே மட்டும் அரம்.
நான்கு இரவு.
மறுநாள் எடைச்சீட்டை நீட்டியபோது
என் தலையைப் பார்த்து ஹம்டான் கேட்டான்:
"காக் யந்தி, ஒரே வாரத்தில் நரைத்துவிட்டதா?"
அலுமினியத் தூள்.

சத்தம் மட்டும், சும்மா சொல்லக் கூடாது.
பத்து கீக்கிர் நேர்சாலையில்
இரண்டாம் கியரில் அது வாய் திறந்தால்
மேய்கிற மாடு நிமிர்ந்து பார்க்கும்.
ஆனால் மெதுவாகப் போகத்தான் அதற்குத் தெரியவில்லை.
புக்கிட் பூத்துஸ் பழைய சாலை, இரண்டாவது வளைவு,
கால் அடிவரை,
கறுப்புப் புகை.
ஒரு சைக்கிள்காரர் என்னைத் தாண்டிப் போனார்,
போகும்போது மன்னிப்பு வேறு கேட்டார்.

ஒழுகலாக இருக்குமோ என்று
இணைப்பு முழுக்க ஸ்ப்ரே அடித்தேன்.
எஞ்சின் ஓட்டம் கூடவுமில்லை, குறையவுமில்லை.
ஒழுகியிருந்தால் கேஸ்கெட்டைக் குறை சொல்லியிருக்கலாம்.
ஈப்போவிலிருந்து மைத்துனன் இன்பராசு போனில்:
"அப்போ ஆயிரத்து அறுநூறு எஞ்சினே வாங்கிப் போடேன்."
சட்டை தொளதொள என்றால்
உடம்பை ஏற்றச் சொல்கிற ஆள்.

பெட்ரோலை உள்ளே யாரும் ஊற்றுவதில்லை.
காற்று ஓடுகிற ஓட்டத்தில்
அதுவே எழுந்து கூடப் போகிறது.
வழி அகலமானால் காற்று நடக்கும்.
நடந்து வருகிற காற்றுக்காக
எந்தப் பெட்ரோல்
நாற்காலியை விட்டு எழும்?

சோற்றுப் பானையைத் தள்ளிவைத்து
சாப்பாட்டு மேசையில் பழைய கைலியை விரித்து
அவனைப் பிரித்தேன்.
தொண்டைக்குள் இரண்டு வளையம்,
முப்பத்தாறு என்று பொறித்திருந்தது.
கழற்றி மாற்றக்கூடியவை! தவுக்கேகூட சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.
முப்பது நம்பர் வளையம் கோலாலம்பூரிலிருந்து
தபாலில் வந்தது, மோதிரப் பெட்டி அளவில்.
மெயின் ஜெட் நூற்று நாற்பத்தைந்திலிருந்து
நூற்று இருபதுக்கு இறங்கியது.
வெளியே நாற்பது என்ற எழுத்து அப்படியே இருக்கிறது.
பெட்ரோல் நிலையத்துப் பையன்கள்
அதைப் படம் எடுக்கிறார்கள். எடுக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி அதே மலை.
இரண்டாவது வளைவு எப்போது போனது என்றே தெரியவில்லை.
சைக்கிள்காரரைத் தேடினேன், வரவில்லை.

மேலே ஒட்டுக்கடை ஓரம் நிறுத்தி
மூன்றாவது பிளக்கைத் துணி சுற்றிக் கழற்றினேன்.
"கெட்டுப்போச்சா?" கடைக்கார மாக்சிக் கேட்டார்.
இல்லை.
"பின்னே எதற்குக் கழற்றுகிறாய்?"
பிளக் முனையையும் அவர் வைத்த மேரி பிஸ்கட்டையும்
பக்கத்தில் பக்கத்தில் பிடித்துக் காட்டினேன்.
ஒரே நிறம்.
அவர் பிளக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
இன்னொரு பிஸ்கட் வைத்தார்.
ஒன்றைத் தேநீரில் நனைத்துக்கொண்டு
மற்றது ஆறுவதற்குக் காத்திருந்தேன்.